பனிக்குப் பெயர் இல்லை

"யதுசன்!"

டீச்சர் மறுபடியும் கூப்பிட்டாள். பதில் இல்லை.

பள்ளிக்கூடத்தின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது. முற்றம் எது, வண்டிகள் நிறுத்தும் இடம் எது என்று தெரியவில்லை.

கழிப்பறையில் பார்த்தாயிற்று. மண்டபத்தில் பார்த்தாயிற்று. மேசைகளுக்கு அடியிலும் குனிந்து பார்த்தாயிற்று. அவனுடைய புத்தகப்பை இருக்கிறது. பூட்ஸ் இல்லை.

ஆறு வயதுப் பிள்ளை. வெள்ளை ஜாக்கெட். கடவுளே, இந்த நாட்டில் யாராவது பிள்ளைக்கு வெள்ளை ஜாக்கெட் வாங்குவார்களா?

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு. பனியைப் பற்றிக் கவிதை எழுதுவோம் என்று ஆசைப்பட்டவள் அவள்தான். ஒருவருக்கும் ஒரு வரியும் வரவில்லை. வெள்ளை, குளிர், மறுபடியும் வெள்ளை. சரி வாருங்கள் என்று எல்லாரையும் முற்றத்துக்குக் கூட்டிப்போனாள். படுங்கள், கண்ணை மூடுங்கள், நீங்கள்தான் பனி என்றாள்.

பனி விழும். கிடக்கும். பனிக்குப் பெயர் இல்லை. யார் கூப்பிட்டாலும் பேசாது.

குண்டு விழும் ஊரில் வளர்ந்த அவள், வானத்திலிருந்து சத்தமில்லாமல் விழும் ஒன்றை இந்த நாட்டுக்கு வந்துதான் முதலில் பார்த்தாள். அதைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்ல நினைத்தாள்.

கைதட்டியதும் எல்லாரும் எழுந்து உள்ளே ஓடினார்கள். எல்லாரும் என்றுதான் நினைத்தாள்.

பெரிய கவிதை! பிள்ளைகளை எண்ணி உள்ளே எடுக்கத் தெரியாதவளுக்குக் கவிதை ஒரு கேடா?

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது.

பனி தள்ளும் வண்டி. முன்னால் அகன்ற இரும்புத் தகடு. தரையோடு வழித்து, வழித்ததையெல்லாம் தள்ளிக்கொண்டு முற்றத்தின் பக்கம் வந்துகொண்டிருந்தது.

எப்படி ஓடினாள் என்று தெரியாது. வண்டிக்கு முன்னால் போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றாள். தகடு அவளுடைய முழங்காலை ஒட்டி வந்து நின்றது. ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி ஏசினான். அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடினான். எஞ்சினை நிறுத்தினான்.

சத்தம் எல்லாம் அடங்கியது.

சுற்றிலும் மேடுகள். எல்லாம் வெள்ளை. எல்லாம் ஒரு பிள்ளை அளவு.

"யதுசன்! ராசா! அம்மா வந்திட்டா, ஓடி வாங்கோ!"

பொய். பொய்க்கும் பதில் இல்லை.

குளிர் ஏறினால் பிள்ளைகள் அப்படியே நித்திரையாகிவிடுவார்கள் என்று யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. மண்டியிட்டு வெறும் கையால் ஒரு மேட்டைக் கிளறினாள். பனிதான். அடுத்ததைக் கிளறினாள். அதுவும் வெறும் பனிதான். விரல்கள் மரத்துப்போயின.

பின்கதவில் மற்றப் பிள்ளைகள் முண்டியடித்து நின்றார்கள். ஆரபி மட்டும் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், ஸ்னோவுக்குப் பேர் இல்லை எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்."

அவள் நிமிர்ந்தாள்.

பனி என்று கூப்பிட்டும் அவன் எழும்பாவிட்டால்? பிறகு கூப்பிட அவளிடம் வேறு சொல் இல்லை.

"பனி எல்லாம் உருகலாம்" என்றாள்.

ஒன்றும் அசையவில்லை.

"வெயில் வந்திட்டுது! பனி எல்லாம் உருகுங்கோ!"

இரும்புத் தகட்டுக்கு ஓர் அடி முன்னால், அவள் மிதித்துக்கொண்டு ஓடிவந்த தடத்துக்குப் பக்கத்தில், பனி மெல்ல அசைந்தது. ஒரு கையுறை வெளியே வந்தது. பிறகு சிவந்துபோன மூக்கு.

அவள் அவனை அள்ளிய வேகத்தில் இருவரும் விழுந்தார்கள். அவனுடைய பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டன. முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் கதைக்கவேயில்லை டீச்சர். வண்டி கிட்ட வரேக்கயும் கதைக்கேல்லை."

சொல்லிவிட்டு அவள் முகத்தையே பார்த்தான்.

ஒழுங்காகச் செய்தால் அவள் எப்போதும் 'கெட்டிக்காரன்' என்று சொல்வாள். அதற்காகக் காத்திருந்தான்.