திரை இல்லாத பெட்டி

"எங்க, காட்டு."

வளர்மதி இடுப்பளவு தண்ணீரில் நிமிர்ந்து, பல்லில் கடித்திருந்த ஓலைப் பறிக் கூடையை எடுத்த பிறகுதான் இதைக் கேட்டாள். இறால் தடவும்போது இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும், பறி வாயில் தொங்கும். அதனால் ஏரிக்குள் யாரும் சும்மா பேச்சுக்கு வாய் திறப்பதில்லை.

மகள் தேவதர்ஷினி படம் எடுத்திருந்தாள்; காட்டத்தான் ஒன்றுமில்லை. அவள் கழுத்தில் தொங்கியது ஃபிலிம் கேமரா. அதன் பின்பக்கம் வெறும் கறுப்புத் தோல்.

சாயங்காலத்துக்குள் அவள் சென்னைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அங்கே புகைப்படப் பயிற்சி கொடுக்கிறவர்கள் இரண்டு கேமராவைக் கொடுத்தனுப்பியிருந்தார்கள். ஒன்று கிராப் சென்சார் என்கிற சின்ன சென்சார் வைத்த டிஜிட்டல், நீள லென்ஸோடு. மற்றது, மேலிருந்து குனிந்து பார்க்கிற மீடியம் ஃபார்மட் ஃபிலிம் பெட்டி. ரோலுக்குப் பன்னிரண்டு சதுரப் படம்தான் விழும். எதைக் கேட்கிறாளோ, வருஷம் முழுக்க அதுதான்.

உன் பாணிக்கு ஃபிலிம்தான்மா என்று அங்கே சொல்லித்தரும் சார் முன்னமே சொல்லிவிட்டார்.

அவளுக்கும் அதில் சந்தேகமில்லை. டிஜிட்டலைப் படகிலேயே போட்டுவிட்டு இறங்கியிருந்தாள். அந்தச் சின்ன சென்சார் தூரத்தில் இருப்பதை இன்னும் கிட்ட இழுத்துக் கொடுக்கும். அதை நினைத்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூநாரை பார்க்க காரில் வருகிறவர்கள், பறவை பறந்து போனதும் லென்ஸைப் பெண்கள் பக்கம் திருப்புவார்கள். போன வருஷம், அம்மாவோடு இறால் தடவும் பவுனம்மாள் ஈரப் புடவையோடு நிமிர்ந்ததை எவனோ கரையில் நின்றபடியே எடுத்தான். அது ஊர் ஆம்பிளைகளின் போன் போனாகச் சுற்றியது. பவுனம்மாள் அந்த மாதம் முழுக்கத் தண்ணீரில் இறங்கவில்லை.

அதற்கப்புறம்தான் பெண்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். எடுத்தவன் நின்ற இடத்திலேயே காட்டணும். அழி என்றால் அழிக்கணும். மாட்டேன் என்றால் கேமரா சேற்றுக்குள் போகும்.

அந்தக் கட்டுப்பாடு தனக்கில்லை என்றுதான் தர்ஷினி நினைத்திருந்தாள். ஒளிந்து எடுக்கிறவளா அவள்? இடுப்புவரை நனைந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று எடுக்கிறவள். அதுவும் இந்த வளர்மதி பெற்ற மகள்.

ஆகவே விளக்கினாள். ஃபிலிமை இங்கே பார்க்க முடியாது, சென்னையில் கழுவி வர நாளாகும் என்றாள். அந்தச் சதுரம், அந்தக் கறுப்பு, அந்த மணல்மணலான தன்மை டிஜிட்டலில் வராது என்றாள். சொல்லச் சொல்லக் குரல் ஏறியது.

"கல்யாண வீட்டு வீடியோக்காரன் கணக்கா அப்பால தரேன்றா உம் பொண்ணு" என்று பக்கத்தில் நின்ற பவுனம்மாள் சிரித்தாள்.

வளர்மதி சிரிக்கவில்லை. "அழின்னு சொன்னா எப்டி அழிப்ப?"

தர்ஷினிக்குச் சுருக்கென்றது. யாரோடு யாரைச் சேர்க்கிறாள் இவள் என்று வெடிக்கத்தான் வாயைத் திறந்தாள். கண் பெட்டியின் எண்ணுக்குப் போனது. ரோலில் பதினொரு படம் முடிந்திருந்தது. அவள் இதுவரை எடுத்ததிலேயே நல்ல படங்கள். அது அவளுக்குத் தெரியும்.

கேமராவின் முதுகைத் திறந்தாள். சுருளைப் பிடுங்கி, வெயிலில் கடைசிவரை இழுத்து விரித்தாள்.

"இப்டி."

ஃபிலிம் ஈர முழங்கையில் ஒட்டிக்கொண்டது.

"அடிப்பாவி" என்றாள் வளர்மதி. "எப்டினுதானடி கேட்டேன். அழின்னா சொன்னேன்?"

தர்ஷினி படகோரம் போய்க் கையைத் துடைத்துக்கொண்டு புது ரோலைப் போட்டாள். ஃபிலிமின் நுனி இரண்டு தடவை நழுவியது. தண்ணீர் வற்றி இறால் கிடைக்கிற நேரத்தில் யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். அம்மா நின்றுகொண்டிருந்தாள். பவுனம்மாளும் குனியவில்லை.

பெட்டிக்குள் குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் இரண்டு பேரின் கண்களும் நேராக அவளையே பார்த்தன.

ஃபோகஸ் பண்ண மறந்து நின்றாள். வெயிலில் போன பதினொன்றிலும், அதற்கு முன் சென்னையில் சுவரில் மாட்டிய அத்தனை படங்களிலும் முதுகுகள்தான். பெட்டியைத் தூக்கும்போதெல்லாம் இவர்கள் முகத்தைக் காட்டாமல் திரும்பியிருக்கிறார்கள்.

சார் அதைத்தான் பாணி என்றார். அவளும் நம்பியிருந்தாள்.