அச்சப்பட்டி

அகதி மனு மறுக்கப்பட்டதை எதிர்த்துக் கெங்காதரன் போட்ட வழக்கும் தள்ளுபடியானது. ஊரில் இராணுவ முகாமில் நடந்ததைச் சொன்னபோது பயத்தை அளக்க அதிகாரிகள் கையில் கட்டிவிட்ட அச்சப்பட்டி துடிக்கவில்லையாம். அதே கதையைப் பதினேழு அலுவலர்களிடம் சொல்லி நெஞ்சு மரத்துப்போனதை யார் கேட்டார்கள்?

வழக்கைத் திரும்ப எடுப்பிக்க பட்டியின் மூன்று மாதப் பதிவு வேண்டுமென்றாள் சட்டத்தரணி நிரோஜா. அந்த மூன்று மாதமும் அவன் ஒருவரையும் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தாலும், மனைவி தொலைபேசியில் குரலைத் தாழ்த்தினாலும் குடிவரவு அலுவலகத்தின் உளவு என்றே நினைத்தான்.

இன்று நிரோஜா தன் அலுவலகக் கதவைச் சாத்தினாள். ஏன் சாத்துகிறாள்? பட்டி துடித்தது. அவள் அதன் பதிவைத் திறந்து பார்த்தாள்.

"பயம் தாராளமாக் கிடக்கு, அண்ணை."

"அப்ப வழக்கைத் திரும்ப எடுப்பினமோ?"

"கஷ்டம். இதெல்லாம் இந்த நாட்டுக்குப் பயந்த பயம். ஊருக்குப் பயந்தாத்தான் இங்கை இருக்க விடுவினம்."