மாஸ்க் போடாமல் திற

ஆறு பேர் வேலை செய்யும் தன் சிறு நிறுவனத்தில் ஜெசிந்தா தயாரித்த கருப்பு நானோ தூள் டயருக்கும் பெயிண்டுக்கும் பேட்டரிக்கும் போனது. பெரும்பகுதியை வாங்கிய டயர் கம்பெனியின் மேலாளர் நேரில் வந்தார்.

"லேபிள்ல 'நுரையீரலுக்குத் தீங்கு'ன்னு போட்டிருக்கீங்களே, அந்த வரிய எடுத்துடுங்க மேடம். எங்க ஆளுங்க பயப்படுறாங்க. இல்லேன்னா ஆர்டர் வேற இடத்துக்குப் போயிடும்."

ஜெசிந்தா ஒரு தூள் டப்பாவை அவர் முன் வைத்தாள். "மாஸ்க் போடாம நீங்களே திறங்க சார்."

அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"அவங்களும் மூச்சு விடுறவங்கதான்" என்றாள்.

ஆர்டர் கைவிட்டுப் போயிற்று. மறுநாள் காலை தொலைபேசி ஒலித்தது.

"மேடம், நான் அந்த டயர் கம்பெனியில ஏற்கெனவே வந்த உங்க தூள் மூட்டையப் பிரிக்கிறவன். லேபிள்ல இந்த நம்பர் இருந்துச்சு. எந்த மாஸ்க் போடணும்?"

"மொத்தம் எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டாள் ஜெசிந்தா.