ரதிதேவி கதைக்கும் வீடு

வாசலிலேயே மகேசனுக்கு மனைவியின் குரல் கேட்டது.

பாபடோயிட்டோயில் இருக்கும் தங்கள் வீட்டில் “சாப்பாடு போடட்டோ” என்பதற்கு மேல் திறக்காத வாய். இந்த ஹில்ஸ்பரோ வீட்டில், தெரிந்த ஆங்கிலத்தில், ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ரதிதேவி இங்கே ஒரு கிழவரைப் பராமரிக்கிறாள். பெல்லமி என்று பெயர். பிரித்தானியக் கடற்படையில் அட்மிரலாக இருந்தவர். மனைவி இறந்ததும், மகள் இருக்கிற நியூசிலாந்துக்கே, இந்த ஆக்லாந்துக்கே வந்துவிட்டார்.

வீட்டில் தப்பித்தவறி அவள் ஏதாவது சொன்னால் அதுவும் அட்மிரலைப் பற்றித்தான். பதின்மூன்று வயதில் கடற்படைப் பள்ளியில் சேர்ந்தவராம். முப்பதுக்குள் போர்க்கப்பல் ஒன்றுக்குக் கப்டனாம். திருகோணமலையில் இருந்தவராம். அரண்மனையில் பதக்கம் வாங்கியவராம்.

போன மாதம் வேலைக்குப் புறப்படும்போது, கண்ணாடி பார்த்துப் பொட்டு வைத்தாள். பொட்டு வைத்து எத்தனையோ காலம்.

எண்பது தாண்டிய கிழவனோடு தனக்கென்ன எரிச்சல் என்று மகேசன் வெட்கப்பட்டான். எரிச்சல் போகவில்லை.

இன்றைக்கு விமான நிலையத்தில் வேலை வழமையை விட வெள்ளெனவே முடிந்தது. அவளை ஏற்றிப்போக வந்ததாகத்தான் சொல்லப்போகிறான்.

கதவு திறந்திருந்தது. உள்ளே போனான்.

கிழவரின் கை ரதிதேவியின் கைகளுக்குள் இருந்தது.

மகேசனின் காது மடல் சுட்டது. அவளோ பதறவில்லை. இவர்தான் என் கணவர் என்று கிழவருக்குச் சொல்லிவிட்டு, தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனாள்.

கிழவர் அவனை உட்காரச் சொன்னார். வடகடலில் நடந்ததை மனைவி சொன்னாளா என்று கேட்டார். அதை மட்டும் அவள் சொல்லியிருக்கவில்லை.

இரண்டாம் உலக யுத்த காலம். முன்னால் போன கப்பல் குண்டுபட்டுக் கடலுக்குள் தாண்டது. தண்ணீருக்குள் இருந்து ஆட்கள் கை காட்டினார்கள். அடியில் எதிரியின் நீர்மூழ்கி. நின்றால் இவருடைய கப்பலும் போய்விடும். நிறுத்தாதே என்று கட்டளையிட்டவர் இவர்தான். பதக்கம், பதவி எல்லாம் அதற்குப் பிறகு வந்தவை.

சொந்த மனைவிக்குக்கூடச் சொல்லாததை ரதிதேவிக்குச் சொன்னாராம்.

மகேசனுக்கு இன்னும் பற்றி எரிந்தது.

கிழவர் குரலைத் தாழ்த்தினார். “இலங்கை நேவி துரத்தியபோது, அந்தப் படகை நிறுத்தாமல் ஓட்டியது நீங்கள்தானே?”

மகேசன் ஓமென்று தலையசைத்தான்.

“வித்தியாவுக்கு அப்போது என்ன வயது?”

இந்தியாவுக்குத் தப்பி ஓடிய அந்தப் படகிலிருந்து அலைக்குள் விழுந்த மகள். ஆறு வருடமாக அவர்கள் வீட்டில் ஒருவரும் உச்சரிக்காத பெயர். ரதிதேவி அதை இந்த மனிதரிடம் சொல்லியிருக்கிறாள்.

குசினி வாசலில் தேத்தண்ணித் தட்டோடு அவள் அசையாமல் நின்றாள்.

மகேசன் அவளைப் பார்த்தான்.

“நாலு முடிஞ்சு அஞ்சு நடந்தது,” என்றான், கிழவருக்கு விளங்காத தமிழில்.