வலித்தால் கத்தாதா?

"சீக்கிரம் எடு சாரு, மீன் வழுக்குது!"

பாத்தின் என்கிற பெரிய கெளுத்தி வகை மீன் ஒன்றை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு ஆதவன் கல்யாண மாப்பிள்ளை மாதிரி சிரித்தான். மீன் வாயைத் திறந்து திறந்து மூடியது. தூண்டில் முள் இன்னும் அதன் உதட்டிலேயே இருந்தது. முள்ளோடு எடுத்தால்தான் படம் எடுப்பாக இருக்குமாம்.

அவன் மனைவி சாருமதி கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்தாள். ஆனால் எடுக்கவில்லை.

பண்டார் தெங்காராவில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, காசு கட்டி மீன் பிடிக்கும் குளம் அது. தைப்பூச விரதம் தொடங்கி வீட்டில் கறி மீன் எல்லாம் நின்றாயிற்று. நம் ஆளுக்குத் தூண்டிலை மட்டும் விட மனசு வரவில்லை. தின்றால்தானே விரதம் கெடும், பிடித்த மீனைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டால் என்ன குற்றம் என்று தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வந்துவிட்டான்.

பக்கத்துப் பலகையில் உட்கார்ந்திருந்த கூட்டாளி திருச்செல்வத்துக்கு இது பொறுக்கவில்லை.

"அலமாக், அதுக்குப் பேசாம பிடிச்சுக் கறி வச்சுடலாம் லா. ஒரே வெட்டு, முடிஞ்சு போச்சு. நீ வாயைக் குத்திக் குத்தி விடுறே. அதுக்கு வலிக்காதா?"

இந்தப் பேச்சு வந்தால் போதும், ஆதவன் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவான். மீனுக்கு உதட்டில் உணர்ச்சியே கிடையாது, ஆராய்ச்சி பண்ணியே சொல்லிவிட்டார்கள் என்றான். வலிக்கும் என்றும் ஆராய்ச்சி பண்ணிச் சொல்லியிருக்கிறார்களே, யூடியூப்பில் பார்த்தேனே என்றான் திருச்செல்வம். ஆதவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

"வலிச்சா கத்தாதாடா? பாரு, ஒரு சத்தம் வருதா?"

சாருமதி கைப்பேசியைக் கீழே இறக்கினாள்.

"போன வருஷம் நான் கத்துனேனா?"

போன தைப்பூசத்தில் அவள் நாக்கில் அலகு குத்திக்கொண்டு பால்குடம் எடுத்தாள். சிங்கப்பூர் போகும் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து நொறுங்கிப் போன அவன் கால் சரியாக வேண்டும் என்று அவளே வைத்த வேண்டுதல். கால் சரியாகிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை, முகம் சுளிக்கவில்லை, என் பெண்டாட்டிக்கு வலியே தெரியவில்லை என்று ஆதவன் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனான். அன்றைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, ஹாலில் மாட்டினான்.

இந்த வருஷ வேண்டுதல் குழந்தைக்காக. இது அவன் வைத்தது. காரில் வரும்போதுதான் அம்மாவிடம் போனில் சொன்னான், இந்தத் தடவை சாரு கன்னத்தில் பெரிய அலகாகக் குத்திக்கொள்வாள் என்று. சாருமதி ஒரு வார்த்தை பேசாமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். சரி, சம்மதம்தான் என்று அவன் எடுத்துக்கொண்டான்.

"நீ எப்படிக் கத்துவே? உனக்குத்தான் அருள் வந்துருச்சே," என்று சிரித்தான். "வலியே தெரியலைன்னு..."

"நான் சொல்லலைங்க. நீங்கதான் எல்லார்கிட்டயும் சொன்னீங்க."

அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

"உயிர் போற வலி," என்றாள் சாருமதி. "வலிக்குதுன்னா பக்தி பத்தலைன்னு சொல்வாங்க. வேண்டுதல் பலிக்காம உங்க காலுக்கு ஏதாச்சும் ஆயிடுமோன்னு பயந்துட்டேன்."

ஆதவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அன்றைக்குக் குடத்தைத் தலையில் ஏற்றுவதற்கு முன்பு, நாக்கில் அலகு ஏறியதும், அவள் வலது கையைத் தூக்கினாள். அவனைப் பார்த்து விரல்களை அசைத்தாள். அருள் வந்துவிட்டது, அருள் வந்துவிட்டது என்று கூட்டம் "வேல் வேல்" என்றது. எல்லாரையும் விடப் பெரிதாகக் கத்தியவன் அவன்தான்.

அப்புறம், முகத்துக்குக் குறுக்கே கை வருகிறது, கொஞ்சம் இறக்கு சாரு என்றான்.

அவள் இறக்கிக்கொண்டாள். அவன் படம் எடுத்தான்.

அடப்பாவி! அவள் அவனைக் கூப்பிட்டிருக்கிறாள். அத்தனை பேர் நடுவில் அவனை ஒருவனைத்தான் கூப்பிட்டிருக்கிறாள்.

வந்தவர்களெல்லாம் அந்தப் படத்தின் முன்னால் நின்று, கண்ணில் தண்ணீரைப் பாருங்கள், என்ன பக்தி என்பார்கள். அவனும் ஆமாம் என்பான்.

"டேய், மீனை விடுடா! செத்துரும்!" என்று திருச்செல்வம் கத்தினான்.

அப்போதுதான் கையில் மீன் இருப்பதே ஆதவனுக்கு நினைவு வந்தது. முட்டிபோட்டு உட்கார்ந்து முள்ளைக் கழற்றப் பார்த்தான். எத்தனையோ தடவை கண்ணை மூடிக்கொண்டு செய்த வேலை, இன்றைக்கு வரவில்லை. ஒருவழியாக முள் வெளியே வந்ததும் மீனைத் தண்ணீருக்குள் இறக்கினான்.

அது கொஞ்ச நேரம் பக்கவாட்டில் சாய்ந்தபடி கிடந்தது. பிறகு கலங்கிய தண்ணீருக்குள் மறைந்தது. நீந்திப் போனதா, அப்படியே மூழ்கிப் போனதா என்று யாருக்கும் தெரியவில்லை.

ஆதவன் எழுந்திருக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அம்மாகிட்ட நான் சொல்லிடறேன். நீ குத்திக்க வேணாம். வேண்டிக்கிட்டது நான்தானே, நானே குத்திக்கறேன்."

சாருமதி அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். மீன் வாடை அடிக்கும் அவன் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள். "ரொம்ப வலிக்கும்."