மந்தி இறக்கிய வில்

காட்டோரப் புல்வெளியில் விலங்கு, பறவை இளசுகள் சேர்ந்து ஒரு வில்வித்தைச் சங்கம் நடத்தின. "என் குஞ்சுங்க நடமாடுற இடம் இது, சங்கத்தை மூடுங்க" என்று சண்டை போடுவதற்காகவே போட்டி நாளன்று ஒரு காடை அங்கே வந்தது.

அது வந்த நேரம் கடைசி அம்பு பாக்கி இருந்தது. குறிப்பலகையின் நடுவட்டத்தில் பட்டால் சங்கத்து மந்திக்குத்தான் கோப்பை. மந்தி நாணைத் தாடைவரை இழுத்துக் குறி பார்த்தது. பலகைக்குப் பின்னால் புல் அசைந்தது. காவலுக்கு நின்ற ஆள்காட்டிக் குருவி "நிறுத்து!" என்று கத்தியது.

மந்தி அம்பை விடவில்லை. நாணை மெல்லத் தளர்த்தி வில்லைத் தரைப்பக்கம் இறக்கியது. குருவி பறந்துபோய்ப் புல்லுக்குள் தேடியது. யாருமே இல்லை, வெறும் காற்று. மறுபடி இழுத்தபோது மந்தியின் கை சோர்ந்திருந்தது. அம்பு இரண்டு விரற்கடை தள்ளிப் பட்டது. கோப்பை எதிர்த்துப் போட்டியிட்ட அணிலுக்குப் போனது.

காடை மந்தியிடம் வந்தது. "ஒண்ணுமில்லாததுக்குப் போய் கோப்பையை விட்டுட்டியே, வருத்தமா இல்லையா?"

"இருக்கு. அடுத்த வருஷம் ஜெயிச்சுக்குவேன்" என்றது மந்தி. "ஆனா புல்லுக்குள்ள யாரும் இல்லைன்னு எனக்கு அப்போ எப்படித் தெரியும்? குரல் கேட்டுச்சு, இறக்கிட்டேன்."

காடை சண்டை போடாமலே வீடு திரும்பியது. மறுநாள் காலையில் நான்கு குஞ்சுகளோடு வந்து குருவியிடம் கேட்டது:

"இதுங்க கைக்கு ஏத்த சின்ன வில் இருக்கா?"