ரொம்ப ஸ்லோப்பா

"அப்பா, பிரவுசர் ரொம்ப ஸ்லோப்பா. ஒரு பக்கம் திறக்கறதுக்குள்ள உயிர் போகுது" என்றாள் மகள்.

அவருக்குப் பகீரென்றது. "நெட்தான் இழுக்கும். தானா சரியாயிடும்."

"இல்லப்பா, போன்ல நல்லா வருது. சர்வீஸ் ஆளைக் கூப்பிடவா?"

"அதெல்லாம் எதுக்கு? நானே பார்க்கறேன். நீ போய்க் குளிச்சுட்டு வா."

அவள் நகர்ந்ததும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். போன மாதம் அவளுக்குத் தெரியாமல் அவர் பிரவுசரில் போட்டு வைத்த எக்ஸ்டென்ஷன் அங்கேதான் இருந்தது. மகள் எதைத் திறந்தாலும் அவருடைய போனுக்குத் தகவல் வந்துவிடும். இத்தனை நாளில் வந்ததெல்லாம் பாடக் குறிப்புகள், பூனை வீடியோக்கள், 'அப்பாவின் மூட்டுவலிக்கு எந்த பெல்ட் நல்லது' என்ற தேடல்.

சே, நானெல்லாம் ஒரு அப்பனா என்று தன்னையே திட்டிக்கொண்டு அதை நீக்கினார்.

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள்.

"கண்ட டேபையும் திறந்து வச்சிருந்தே, அதான். இப்ப பாரு."

அவள் ஒரு பக்கத்தைத் திறந்தாள். "அட, பறக்குதுப்பா! தேங்க்ஸ்."

அவள் கல்லூரிக்குக் கிளம்பிய பிறகு மனைவியிடம், "பார்த்தியா, அஞ்சே நிமிஷத்துல சரி பண்ணிட்டேன்" என்றார்.

துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி நிமிரவில்லை.

"அது என்னைக்குங்க ஸ்லோவா இருந்தது? நீங்க போட்டு வச்சதைப் பார்த்துட்டு ரெண்டு நாள் அழுதா. நேராவே கேளுடின்னேன். 'வேண்டாம்மா, அப்பா கூனிக்குறுகிப் போயிடுவார். ஸ்லோன்னு சொல்றேன், அவரே எடுத்துடுவார்'னா."